இன்னொருவர் எழுதிய ஜெபம்

பாப் டிலன் எழுதிய பத்துப் பாட்டுகளை மட்டும் எடுத்து 1965-ல் அமெரிக்கப் பாடகி ஒடெட்டா ஓர் இசைத்தட்டாகப் பாடினார். 'ஒடெட்டா சிங்ஸ் டிலன்' என்று பெயர், ஆர்.சி.ஏ. விக்டர் வெளியீடு. பக்கவாத்தியம் கித்தார், பேஸ், டாம்பரின் அவ்வளவுதான். மீதியெல்லாம் அந்தக் குரல். கீழ் ஸ்தாயியில் நிதானமாக எழும்பி, கேட்கிறவர்களின் நெஞ்சுக்கூட்டுக்குள் போய் அதிரும் குரல். டிலன் அவரைவிடப் பத்து வயது இளையவர். மூக்கிலிருந்து வரும் மெலிந்த குரல் அவருக்கு. கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் கொண்டுவந்த கேசட்டுகளில்தான் ஒடெட்டாவை முதலில் கேட்டேன். பிறகு தேடித் தேடிக் கேட்டேன்.

அண்ணன் மகன் கித்தார் வாசிப்பான். சொந்தமாகப் பாட்டுக் கட்டுவான். போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் இந்த இசைத்தட்டை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். பாதிவரை கேட்டுவிட்டு, "அத்தை, எழுதினவன் பாடுததுதான உண்மை? அடுத்தவுங்க பாடுதது என்ன இருந்தாலும் நடிப்புதான?" என்றான். விளையாட்டாகக் கேட்கவில்லை, மனதார நம்பித்தான் கேட்டான். அவன் தலைமுறைக்கே அந்த நம்பிக்கை உண்டு. ஒருவருடைய உண்மை அவர் சொந்தமாக எழுதிய சொல்லில்தான் இருக்கும், மற்றதெல்லாம் இரவல் என்ற நம்பிக்கை. தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுவதுதான் பாடகனுக்கு அழகு என்பதை அறுபதுகளில் ஊன்றி வைத்தவர்களில் முதல் வரிசைக்காரர் டிலனேதான்.

எனக்கு இது வெறும் இசைக் கேள்வியாகப் படவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறவள் நான். என் வாயிலிருந்து ஞாயிறுதோறும் வரும் சொற்களில் ஒன்றுகூட நான் எழுதியதில்லை. பாமாலைப் பாட்டுகளில் பல, ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் என்றைக்கோ வாழ்ந்தவர்கள் எழுதி, யாரோ தமிழாக்கியவை. கீர்த்தனைகளை எடுத்தால், இதே பாளையங்கோட்டையில் 1774-ல் பிறந்து தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்தில் புகழோடு வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்களுடைய சொற்கள். அவன் சொல்வது சரியென்றால், அறுபது வயதைத் தாண்டிய நான் இதுவரை கடவுளிடம் சொன்னதெல்லாம் ஒப்பிப்புதான்.

அப்படி இல்லை என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருமுறை ஒரு துக்க வீட்டுக்குப் பாடப் போயிருந்தோம். பெட்டியை எடுப்பதற்கு முன் வழக்கமாகப் பாடும் பாமாலைதான். இறந்தவரின் மனைவி காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை என்று சொன்னார்கள். இரண்டாம் கவி முடிந்து நாங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் மூன்றாம் கவியை அந்த அம்மா எடுத்தார்கள். சுருதி எங்களுடையதைவிடக் கீழே. வேகம் எங்களுடையதில் பாதிகூட இல்லை. ஆர்மோனியம் வாசித்தவர் விரல்களைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர், வருடக்கணக்காகப் பயிற்சி செய்தவர்கள், அந்த அம்மா பிடித்த சுருதிக்கு இறங்கிப் பின்னால் போனோம். அந்த நேரத்தில் அந்தக் கவியை எழுதியவர் யார் என்று யாராவது கேட்டிருந்தால், கேட்டவரைத்தான் எல்லோரும் விநோதமாகப் பார்த்திருப்போம்.

ஒடெட்டா 1930 டிசம்பர் 31 அன்று அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். 1937-ல் தாய் பிள்ளைகளோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ரயிலேறினார். வழியில் ரயில் அதிகாரி வந்து, கறுப்பர்கள் எல்லோரும் வேறு பெட்டிக்குப் போக வேண்டும் என்று எழுப்பி அனுப்பினார். அதைத் தன் முதல் காயம் என்று ஒடெட்டா வயதான பிறகும் சொன்னார். பதின்மூன்று வயதிலிருந்து ஆப்பரா முறையில் குரற்பயிற்சி பெற்றார். ஆனால் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவில் ஒரு கறுப்பினப் பாடகி, மரியன் ஆண்டர்சன், முதன்முதலாக மேடையேறியதே 1955-ல்தான். அந்தக் கதவு தனக்குத் திறக்காது என்று தெரிந்திருந்த பெண், வீட்டு வேலை செய்துகொண்டே இரவில் படித்து, இருபது வயதை ஒட்டி நாட்டுப்பாடல்களிடம் வந்து சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்தவை சிறைக்கைதிகளின் பாட்டுகள், தண்டவாளம் போடுகிறவர்களின் பாட்டுகள், பருத்திக்காட்டுப் பாட்டுகள். எழுதியவர் பெயரே இல்லாதவை. தனக்குள் கொதித்துக்கொண்டிருந்த வெறுப்பை, உங்களை வெறுக்கிறேன் என்று யாருடைய முகத்துக்கு நேராகவும் சொல்லாமல், அந்தப் பாட்டுகளுக்குள் வைத்துச் சொல்ல முடிந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அண்ணன் மகனுக்கு நான் சொல்ல விரும்பும் பதிலின் பாதி இதிலேயே இருக்கிறது. சொந்தச் சொல்லில் சொல்ல இடமில்லாத உண்மைகள் உண்டு. சொன்னால் அடி விழும், அல்லது சொல்லவே நா எழும்பாது. யாரோ பெயர் தெரியாத கைதி விட்டுப்போன சொல்லுக்குள் நுழைந்துதான் அவர் தன்னுடையதைப் பேசினார்.

டிலனுக்கும் அவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் நூல் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். 1956-ல் வெளிவந்த ஒடெட்டாவின் முதல் தனி இசைத்தட்டை ஒரு கடையில் கேட்ட பிறகுதான், மின்சாரக் கித்தாரைக் கொடுத்துவிட்டுச் சாதாரணக் கித்தார் வாங்கினேன் என்று 1978-ல் ஒரு பேட்டியில் டிலன் சொன்னார். நாட்டுப்பாடலின் பக்கம் தன்னைத் திருப்பிய முதல் ஆள் ஒடெட்டா என்பது அவர் வாக்குமூலம். 1960-ல் கார்னகி அரங்கில் ஒடெட்டா ஒரு பழைய அடிமைப் பாட்டைப் பாடினார். ஏலமேடையில் நின்று விற்கப்பட்டவர்கள், இனி அந்த மேடை எனக்கில்லை என்று பாடியது. டிலனை உலகம் அறியச் செய்த 1962-ஆம் ஆண்டுப் பாட்டின் மெட்டு இந்த அடிமைப் பாட்டிலிருந்துதான் வந்தது. அதையும் அவரே சொல்லியிருக்கிறார். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1867-ல் வெளிவந்த அடிமைப் பாடல் தொகுப்பிலேயே இது அச்சாகிவிட்டது. பாடியவர்கள் ஆயிரமாயிரம் பேர், எழுதியவர் ஒருவரும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பத்துப் பாட்டில் பாதியை அப்போது டிலன் தன் இசைத்தட்டு எதிலும் வெளியிட்டிருக்கவில்லை. பாட்டு உரிமை நிறுவனத்துக்காக மாதிரிக்குப் பாடி வைத்திருந்தார், அவ்வளவே. 'டுமாரோ இஸ் எ லாங் டைம்' என்ற காதல் பாட்டை எல்விஸ் பிரெஸ்லி 1966-ல் பாடினார் என்றால், அது ஒடெட்டாவின் தட்டைக் கேட்டுத்தான். டிலன் தன் குரலில் அதை வெளியிட்டது 1971-ல். எது மூலம், எது நகல் என்று யார் பிரிப்பது?

எல்லாப் பாட்டும் ஒரே உயரத்தில் இல்லை. குதூகலமான முதல் பாட்டு அந்தக் குரலுக்குச் சின்னச் சட்டை. 'வாக்கிங் டவுன் தி லைன்' வந்த வேகத்தில் போய்விடுகிறது. என்னை நிறுத்தி வைப்பது இரண்டாவது பாட்டு, 'லாங் அகோ, ஃபார் அவே'. டிலன் இருபத்தொரு வயதில் எழுதியது. சமாதானத்தையும் சகோதரத்துவத்தையும் போதித்த ஒருவரைச் சிலுவையில் தொங்கவிட்டார்கள். அடிமைகளின் சங்கிலிகள் தரையில் இழுபட்டன. போர்களில் மனிதர்கள் செத்தார்கள். அதெல்லாம் எப்போதோ, எங்கேயோ நடந்தது, இந்தக் காலத்தில் அப்படி நடக்குமா என்று பாட்டு கேட்கிறது. டிலன் பாடும்போது அது குத்தல். வாலிபன் ஒருவன் பெரியவர்களைப் பார்த்து உதட்டைச் சுழித்துக் கேட்கிறான், கெட்டிக்காரத்தனம்தான்.

அதே சொல் பர்மிங்காம்காரி வாயில் வரும்போது என்ன ஆகிறது என்று கேளுங்கள். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அவர் பிறந்த அதே பர்மிங்காமில், பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில், வெள்ளை இனவெறியர்கள் வைத்த வெடிகுண்டில் நான்கு சிறுமிகள் செத்தார்கள். பதினொரு வயது ஒருத்திக்கு, மற்ற மூவருக்கும் பதினான்கு. ஓய்வுநாள் பள்ளிக்கு வந்த பிள்ளைகள். அதற்கு மூன்று வாரத்துக்கும் குறைவான நாட்களுக்கு முன், ஆகஸ்ட் 28 அன்று, வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அந்தப் பெருங்கூட்டத்தில் ஒடெட்டாவும் பாடினார், டிலனும் பாடினார். இதையெல்லாம் தாண்டி வந்த பிறகு, அதெல்லாம் பழைய கதை என்ற அந்த வரிகளை அவர் பாடுகிறார். குத்தலாகப் பாடவில்லை. ஒவ்வொரு சொல்லையும் முழுதாக உச்சரித்து, கேட்கிறவர் பதில் சொல்லட்டும் என்று முன்னால் வைக்கிறார். எழுதியவருக்கு ஒரு யோசனையாக இருந்தது, பாடியவரிடம் சாட்சியாகிவிட்டது. எங்கள் சபையில் சாட்சி சொல்வது என்றால், எழுந்து நின்று, தனக்கு நடந்ததைத் தன் பெயர் சொல்லிச் சொல்வது. அதற்குரிய சொற்களை இன்னொருவர் எழுதித் தந்தால் சாட்சி பொய்யாகிவிடுமா என்ன?

அடுத்து, என்னை அதிகம் அலைக்கழித்த பாட்டு: 'வித் காட் ஆன் அவர் சைடு'. அமெரிக்கச் செவ்விந்தியர்களைக் கொன்று குவித்ததில் தொடங்கி, நாடு நடத்திய போர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கடவுள் நம் பக்கம் இருந்தார் என்று பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்களே என்று ஒருவன் சொல்வதாக டிலன் எழுதினார். யூதாஸ் காரியோத்தின் பக்கமும் கடவுள் இருந்தாரா என்று கேட்கும் இடம்வரை அது போகிறது. இந்தக் கேள்வி அந்த நாட்டுக்குப் புதிதில்லை. 1865 மார்ச் 4 அன்று, இந்த இசைத்தட்டுக்குச் சரியாக நூறு ஆண்டுக்கு முன், லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றபோது, இரண்டு தரப்பும் ஒரே வேதத்தை வாசித்து, ஒரே கடவுளிடம், ஒருவரை எதிர்த்து மற்றவர் உதவி கேட்கிறார்கள் என்று மனம் கசந்து பேசினார். இரண்டு உலகப்போர்களிலும் ஜெர்மன் சிப்பாயின் இடுப்பு வார்ப் பூட்டில், கடவுள் எங்களோடு இருக்கிறார் என்று பொறித்திருந்தது.

இந்தப் பாட்டை ஒடெட்டா ஏன் எடுத்தார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அந்த 'நம்' பக்கத்தில் அவருடைய ஜனங்களை யாரும் சேர்த்ததில்லை. ஏழு வயதுகூட நிரம்பாத பிள்ளையை ரயில் பெட்டியிலிருந்து எழுப்பி அனுப்பிய நாடு அது. உங்கள் கடவுள், உங்கள் பக்கம் என்று விரல் நீட்டிப் பாட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவர் 'நம்' என்பதையே பாடுகிறார். தன்னைச் சேர்க்காத கூட்டத்தோடு தன்னைச் சேர்த்துக்கொண்டு, அதன் குற்றத்தையும் தோளில் ஏற்றுக்கொண்டு பாடுகிறார். தானியேல் தீர்க்கதரிசியின் ஒன்பதாம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இது புரியும். ராஜாக்களும் பிதாக்களும் செய்த அக்கிரமங்களை, சிறைப்பட்டுப் பாபிலோனுக்கு வந்த ஒரு நல்ல மனிதன், நாங்கள் செய்தோம் என்று அறிக்கையிடுகிறான். அந்த ஜெபத்தின் வழியில் நிற்கும் பாட்டாகத்தான் ஒடெட்டாவின் பாட்டை நான் கேட்கிறேன். டிலன் கேட்டது நியாயமான கேள்வி. இவர் அதைப் பாவ அறிக்கையாக மாற்றிவிட்டார். எழுதியவரால் அது முடிந்திருக்காது.

சரி, யார் வாயில் வந்தாலும் இரவல் சொல் இப்படி உயிர்பெற்றுவிடுமா என்று கேட்டால், இல்லை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-ல் எழுதிய தன் வரலாற்றில் ஒரு காட்சி உண்டு. அவருடைய எஜமான் 1832-ல் ஒரு மெதடிஸ்ட் கூடாரக் கூட்டத்தில் மனந்திரும்பினான். ஜெபத்தில் முதல் ஆளானான். முன்பைவிடக் கொடியவனும் ஆனான். கைகால் சரியில்லாத ஒரு பெண்ணைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தான். அடித்துக்கொண்டே வேதவசனம் சொன்னான். வசனம் மனப்பாடம். அந்த வாயில் அது செத்துப்போயிருந்தது. 'அமேசிங் கிரேஸ்' எழுதிய ஜான் நியூட்டனையும் நினைக்கிறேன். 1748-ல் கடல் புயலில் கடவுளைக் கூப்பிட்டவர். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அடிமைக் கப்பல்களைச் செலுத்தியவர். வெகு காலம் கழித்து 1788-ல்தான் அந்த வியாபாரத்தை எதிர்த்து வெளிப்படையாக எழுதினார். அவர் எழுதிய அந்தப் பாட்டு, அவருடையதைப் போன்ற கப்பல்களில் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பாடும்போதுதான் முழுப் பொருளோடு ஒலிக்கிறது.

ஆக, சொல்லை எழுதினாரா, வாங்கிப் பாடினாரா என்பது இந்த விஷயத்தில் எதையும் தீர்மானிப்பதில்லை. சொல்லுக்குக் கீழே போய் நின்றாரா, சொல்லைக் கையில் பிடித்து ஓங்கினாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். டக்ளஸின் எஜமான் ஓங்கினான். ஒடெட்டா கீழே நிற்கிறார்.

அண்ணன் மகனிடம் கடைசியாகச் சொன்னது இதைத்தான். இயேசு சிலுவையில் தொங்கியபோது, ஏன் கைவிட்டீர் என்று கடவுளைப் பார்த்துக் கதறியதை மத்தேயுவும் மாற்குவும் எழுதியிருக்கிறார்கள். அது தாவீதின் பெயரில் வழங்கும் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் அடி. சிறு வயதில் ஜெப ஆலயத்தில் கேட்டு மனதில் தங்கியிருக்கக்கூடிய பழம்பாட்டு. உயிர் போகிற நேரத்தில் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க அவர் தேடவில்லை, தன் ஜனங்களின் பாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தார். "அதையும் நடிப்புன்னு சொல்லுவியால?" என்று கேட்டேன். பதில் பேசாமல் தட்டை முதலிலிருந்து மறுபடி போட்டான்.

கடைசிப் பாட்டு 'மிஸ்டர் டாம்பரின் மேன்'. டிலன் ஐந்தரை நிமிடத்தில் முடிப்பதை ஒடெட்டா பத்து நிமிடத்துக்கு மேல் பாடுகிறார். தூக்கம் வராதவன் ஒருவன் விடியற்காலையில் ஒரு வாத்தியக்காரனைப் பார்த்து, எனக்காக வாசி என்று கேட்கும் பாட்டு. அந்த வாத்தியக்காரனுக்கு உருவம் தந்தவர் புரூஸ் லாங்ஹார்ன் என்று டிலன் பிறகு சொன்னார். பெரிய துருக்கிக் கஞ்சிரா ஒன்றைத் தட்டிக்கொண்டு நடந்த கறுப்பினக் கலைஞர். சிறுவயதில் வெடி விபத்தில் கைவிரல்களின் பகுதிகளை இழந்தும் கித்தாரில் பேர் வாங்கியவர். அதே லாங்ஹார்ன் இந்த இசைத்தட்டில் ஒடெட்டாவுக்கு வாசித்திருக்கிறார். பாட்டில் கூப்பிடப்படுபவரே பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க, ஒடெட்டா அவசரமில்லாமல், ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க நோயாளியின் பக்கத்தில் விழித்திருப்பவர் ஜெபிப்பதுபோலப் பாடுகிறார். நீளம் அதிகம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு நிமிடம்கூட வீண் இல்லை.

ஒடெட்டா 2008 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கில் காலமானார். அடுத்த ஜனவரியில் ஒபாமா பதவியேற்கும் விழாவில் பாட வேண்டும் என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் காத்திருந்தவர். இந்த இசைத்தட்டைக் கேட்காதவர்கள் இரண்டாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஆலயப் பாடகர் குழுக்களில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சி நாளில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்குமுன் எட்டாவதாக வரும் 'வித் காட் ஆன் அவர் சைடு' பாட்டை எல்லோருமாக உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள். பிறகு நீங்கள் எடுத்து வைத்திருக்கும் பாட்டைப் பாடுங்கள்.